கொசுவின் உமிழ்நீரும் மனிதனின் எதிர்ப்பாற்றலும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதியில், தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் ஊர்களுள் ஒன்று கொழிஞ்சாம்பாறை. கேரளம் மழை மிகுந்த நாடு எனப் பெயர் பெற்றிருப்பினும், சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரும் இதன் அண்டையிலுள்ள வடகரைப்பதி, எருத்தேம்பதி முதலிய ஊர்களும் மழை மறைவில் அமைந்தவை. தண்ணீர் அரிதாகக் கிடைக்கும் ஊர்களில் மக்கள் அதனைத் தொட்டியிலும் பீப்பாயிலும் குடத்திலும் சேமித்து வைப்பது இயல்பு. இதற்கு நேர்மாறாக, இடுக்கியின் மலைச் சரிவுகளில் மழை ஓயாது பெய்கிறது. இரப்பர் மரங்களில் பால் வடிக்கக் கட்டிய சிரட்டைகளிலும் கிண்ணங்களிலும் நீர் தேங்குகிறது. ஒன்று வறட்சியால் வந்த நீர். மற்றொன்று மழையால் வந்த நீர். ஏடிஸ் இனக் கொசுவுக்கு இரண்டும் தொட்டிலே ஆகும்.

இத்தகைய இடங்களில் வீடு வீடாகச் செல்லும் சுகாதார ஊழியர்கள் எதிர்கொள்ள வேண்டிய ஓர் எண்ணம் உண்டு. "கொசுக்கடி எங்கள் உடம்புக்குப் பழகிப் போயிற்று, இனி ஒன்றும் செய்யாது" என்பதே அது. இவ்வெண்ணத்தில் பாதி உண்மை. மறு பாதி உயிருக்கே அபாயமானது. எந்தப் பாதி எது என்பதை அறிய வேண்டுமாயின், கொசு கடிக்கும்பொழுது தோலினுள் நிகழ்வதை அறிதல் வேண்டும்.

கடியின் இயல்பு

மனிதனைக் கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டைகள் வளர்வதற்கு வேண்டிய புரதத்தை அஃது இரத்தத்திலிருந்து பெறுகிறது. கொசுவின் துதிக்கை ஓர் ஊசி போலத் தோன்றினும், உறையொன்றினுள் ஆறு நுண்ணிய ஊசிகள் அதில் அடங்கியுள்ளன. ஒன்றின் வழியே இரத்தம் மேலேறுகிறது. மற்றொன்றின் வழியே உமிழ்நீர் கீழிறங்குகிறது. ஆகவே கொசு இரத்தத்தை எடுத்துக்கொள்வதோடு நில்லாது, தன் உமிழ்நீரை நமக்குக் கொடுத்தும் செல்கிறது.

அவ்வுமிழ்நீர் வெறும் நீரன்று. நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்களின் கலவை ஆகும். இரத்தக் குழாயில் துளை விழுந்தவுடன் அதனை அடைக்க நம் உடல் மூன்று வழிகளைக் கையாள்கிறது. குழாய் சுருங்குகிறது, இரத்தத் தட்டணுக்கள் ஒன்றுகூடி அடைப்பை உண்டாக்குகின்றன, இரத்தம் உறைகிறது. கொசுவின் உமிழ்நீரில் இம்மூன்றுக்கும் மாற்று உண்டு. ஏடிஸ் ஈஜிப்டி கொசுவின் உமிழ்நீரிலுள்ள சியலோகைனின் என்னும் பொருள் குழாயை விரியச் செய்கிறது. அப்பிரேஸ் என்னும் நொதி தட்டணுக்களை அழைக்கும் வேதிப்பொருள்களைச் சிதைக்கிறது. வேறு சில புரதங்கள் உறைதலைத் தடுக்கின்றன.

ஆயினும் நமைச்சலும் தடிப்பும் ஏன் உண்டாகின்றன? 1960ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. ஹட்சனும் அவர்தம் துணைவர்களும் கொசுக்களின் உமிழ்நீர்க் குழாயைத் துண்டித்துவிட்டு, அவற்றை மனிதர்மீது கடிக்கவிட்டனர். அக்கொசுக்கள் இரத்தத்தைக் குடித்தன. ஆனால் கடித்த இடம் தடிக்கவில்லை. எனவே தடிப்புக்குக் காரணம் ஊசி குத்திய காயம் அன்று. உமிழ்நீரும், அதற்கு எதிராக எழும் நம் உடலின் எதிர்ப்பாற்றலுமே ஆகும்.

பழக்கம் என்பதன் பொருள்

உமிழ்நீர்ப் புரதங்களை உடல் அயற்பொருளாக அறிந்து, அவற்றுக்கு எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. மறுமுறை கொசு கடிக்கும்பொழுது, தோலிலுள்ள மாஸ்ட் உயிரணுக்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளியிடுகின்றன. அதனால் சில நிமிடங்களில் தடிப்பும் நமைச்சலும் தோன்றுகின்றன. ஒரு நாள் கழிந்தபின் எழும் சிறு கொப்புளம் போன்ற வீக்கம் வேறு வகையினது. வெள்ளணுக்கள் அவ்விடத்தில் வந்து கூடுவதால் உண்டாவது.

கென்னத் மெல்லன்பி என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, 1946ஆம் ஆண்டில், இம்மாறுதல் ஐந்து படிகளாக நிகழ்வதை எடுத்துரைத்தார். ஓரினக் கொசுவின் கடியை முதன்முதலாகப் பெறுபவருக்கு எதுவும் தோன்றுவதில்லை. சில கடிகளுக்குப்பின் காலந்தாழ்ந்த வீக்கம் மட்டும் எழும். அடுத்த படியில் உடனடித் தடிப்பும் பிந்திய வீக்கமும் சேர்ந்து வரும். அதன்பின் உடனடித் தடிப்பு மட்டுமே எஞ்சும். இறுதியில் அதுவும் மறையும். குழந்தைகளின் தோல் பெரிதாகத் தடிப்பதும், அதே வீட்டு முதியவர் கடிபட்டும் அசையாதிருப்பதும் இதனாலேயாம். பழகிப் போயிற்று என்னும் கூற்றின் உண்மையான பாதி இதுவே.

ஆனால் இப்பழக்கம் உமிழ்நீரைப் பொறுத்ததே அன்றி நோயைப் பொறுத்ததன்று. டெங்கு வைரஸோ, சிக்குன்குனியா வைரஸோ, மலேரியாக் கிருமியோ உமிழ்நீருடன் இறங்குமாயின், தடிப்பு எழாத தோலிலும் அவை தடையின்றி நுழையும். நமைச்சல் இல்லாமையால் கடிபட்டதையே மனிதன் அறியாதிருப்பான் என்பது கூடுதலான தீங்கு.

நோய்க்கு வழி திறத்தல்

உமிழ்நீரே நோயின் வாகனம் என்பதற்கான சான்று இந்திய மண்ணிலேயே கிடைத்தது. 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்தராபாத்தில், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியின் வளர்நிலையை ரொனால்டு ராஸ் கண்டார். மறு ஆண்டில் கல்கத்தாவில், பறவை மலேரியாவை ஆராய்கையில், கிருமிகள் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதைக் கண்டறிந்தார்.

அண்மைக் கால ஆய்வுகள் மேலும் ஒரு படி சென்றுள்ளன. உமிழ்நீர் நோயைச் சுமந்து வருவதோடு அமையாது, அது குடிபுகுவதற்கேற்ப உடலின் காவலையும் குழப்புகிறது. மனித எதிர்ப்பணுக்களைப் பெறுமாறு உருவாக்கப்பட்ட சுண்டெலிகளில் நிகழ்த்திய ஆய்வு 2012இல் வெளியாயிற்று. ஊசி வழியே டெங்கு வைரஸ் ஏற்றப்பட்டவற்றைக் காட்டிலும், கொசு கடித்து நோயுற்றவற்றில் நோய் கடுமையாக இருந்தது. 2018இல் வெளியான மற்றோர் ஆய்வில், நோயற்ற கொசுக்களே இத்தகைய சுண்டெலிகளைக் கடித்தன. அவ்வாறிருந்தும் எதிர்ப்பணுக்களில் உண்டான மாறுதல்களுள் சில 7 நாள்கள் கழிந்தபின்னும் காணப்பட்டன.

இதன் காரணங்களுள் ஒன்றை எளிதில் விளக்கலாம். கடித்த இடத்துக்குக் காவலாக வெள்ளணுக்கள் விரைகின்றன. அவற்றுள் சிலவகை அணுக்களே வைரஸ் புகுந்து பெருகுவதற்கு உகந்த இல்லமாகின்றன. திருடனைப் பிடிக்க வந்த காவலர் வண்டியிலேயே திருடன் ஏறிச் செல்வதற்கு இதனை ஒப்பிடலாம்.

உமிழ்நீரையே குறியாகக் கொண்டு தடுப்பூசி செய்யவும் முயற்சி நடைபெறுகிறது. அத்தகைய மருந்தொன்று அமெரிக்காவில் 49 பேரிடம் முதற்கட்டமாகச் சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2020இல் வெளியாயின. எதிர்ப்பாற்றல் எழுந்தது, எனினும் நோயைத் தடுக்கும் என்பது அச்சோதனையால் நிலைநாட்டப்படவில்லை.

செய்யத்தக்கவை

கேரளத்தில் டெங்கு 1997இல் கோட்டயம் மாவட்டத்தில் வெளிப்பட்டது. 2007இல் சிக்குன்குனியா இரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த மாவட்டங்களை வாட்டியது. டெங்கு வைரஸில் 4 வகைகள் உள்ளன. ஒருமுறை ஒரு வகையால் நோயுற்றவர், பின்னர் மற்றொரு வகையால் தாக்கப்படின் நோய் கடுமையாவதற்கு வாய்ப்பு மிகுதி. ஆகவே முன்பு நோயுற்றவர் இனி அஞ்ச வேண்டுவதில்லை என்பதும் தவறு.

நீர்த் தொட்டிகளை இறுக மூடுவதும், வாரம் ஒருமுறை காலி செய்து உட்புறச் சுவரைத் தேய்த்துக் கழுவுவதும் இன்றியமையாதவை. நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. ஏடிஸ் கொசுவின் முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் வறட்சியைத் தாங்கி உயிருடன் இருக்கும். பால் வடிப்பு நின்ற காலத்தில் இரப்பர்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்தல் வேண்டும். ஏடிஸ் பகலில் கடிப்பதாதலால், பகலில் உறங்கும் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் வலை வேண்டும். கடித்த இடத்தைச் சொறியாது, சோப்பினால் கழுவிக் குளிர்ந்த துணியை ஒற்றலாம். சொறிந்த புண்ணில் வேறு கிருமிகள் புகும்.

ஆசிரியர்கள் ஒரு கண்ணாடிக் குவளையில் தேங்கிய நீரை எடுத்து, அதில் நெளியும் புழுக்களை மாணவர்க்குக் காட்டலாம். பாடம் முடிந்தவுடன் அந்நீரை வெயில் காயும் தரையில் கொட்டிவிடுதல் வேண்டும். அதனைக் கண்ட சிறுவன் வீட்டுத் தொட்டியையும் எட்டிப் பார்ப்பான். "எங்களுக்குப் பழகிப் போயிற்று" என்று கூறும் பாட்டிக்கு, பழகியது தோல் மட்டுமே, நோய் பழகவில்லை என்று எடுத்துரைக்க அவனைவிடச் சிறந்த தூதர் வேறு இல்லை.