சட்டம் திறந்த வாசல், யார் நுழைந்த மைதானம்? வட கரோலினா பல்கலைக்கழக மகளிர் கால்பந்து அணியின் வரலாறு

2024 டிசம்பரில் அமெரிக்காவின் கேரி நகரில் நடந்த இறுதிப் போட்டியில், சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தின் மகளிர் கால்பந்து அணி வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணியை 1–0 என வென்றது. தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகமான என்.சி.ஏ.ஏ. வழங்கும் பட்டத்தை அந்த அணி பெற்றது அது 22ஆவது முறை. மகளிர் கால்பந்தில் வேறெந்த அமெரிக்கப் பல்கலைக்கழகமும் அதில் பாதியைக்கூட எட்டியதில்லை. இந்த வெற்றிகள் பெரும்பாலும் திறமை, உழைப்பு, பயிற்சியாளரின் மேதைமை ஆகியவற்றின் கதையாகவே சொல்லப்படுகின்றன. அவை பொய்யல்ல. ஆயினும் இந்த அணி ஒரு சட்டத்தின் துணையோடு வளர்ந்தது. அச்சட்டம் தன் சொற்களைக் கறுப்பின மக்களின் போராட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டது. அப்படியிருக்க, அதன் பலன் கறுப்பினப் பெண்களை எந்த அளவுக்குச் சென்றடைந்தது என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் கேள்வி.

கடன் வாங்கிய சொற்கள்

1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் கறுப்பின மக்கள் சிறைப்பட்டும் அடிபட்டும் உயிர் கொடுத்தும் பெற்றது. அரசின் நிதி பெறும் எந்தத் திட்டத்திலும் இனம், நிறம், பிறந்த நாடு ஆகியவற்றின் அடிப்படையில் எவரையும் விலக்கக் கூடாது என்று அதன் ஆறாம் பிரிவு கூறியது. எட்டாண்டுகளுக்குப் பின், 1972 ஜூன் 23 அன்று, கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு சட்டமாயிற்று. ‘டைட்டில் நைன்’ என்று உலகம் அறிந்த இப்பிரிவின் மையமான வாசகம் ஆங்கிலத்தில் 37 சொற்கள் மட்டுமே. ஆறாம் பிரிவை முன்மாதிரியாகக் கொண்டு, இனம் இருந்த இடத்தில் பாலினத்தை வைத்து, கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் பொருந்துமாறு அது எழுதப்பட்டது.

அதற்காக உழைத்தவர்களுள் ஒருவர் பேட்ஸி மிங்க். ஹவாயைச் சேர்ந்த ஜப்பானிய வம்சாவளியினரான இவர், அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட வெள்ளையரல்லாத முதல் பெண். மருத்துவக் கல்லூரிகள் இடம் மறுத்ததால் சட்டம் படிக்கச் சென்றவர். அவர் மறைந்த 2002ஆம் ஆண்டில் இச்சட்டத்துக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது.

அந்த 37 சொற்களில் விளையாட்டு என்ற சொல் இல்லை. ஆயினும் கல்லூரி விளையாட்டும் இதற்குள் வரும் என்பது விரைவில் தெளிவானது. உடனே எதிர்ப்பும் கிளம்பியது. வருமானம் ஈட்டும் விளையாட்டுகளுக்கு விலக்களிக்க 1974இல் நாடாளுமன்றத்தில் முயற்சி நடந்தது, அது தோற்றது. 1976இல் என்.சி.ஏ.ஏ.யே நீதிமன்றம் சென்றது, அதுவும் பலிக்கவில்லை. இன்று மகளிர் பட்டங்களைப் பெருமையுடன் வழங்கும் அமைப்பு, அன்று மகளிர் உரிமைக்கு எதிராக வழக்காடியது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அணி எழுந்த விதம்

1979இல் மத்திய அரசு மூன்று அளவுகோல்களை வகுத்தது. மாணவர் தொகையில் பெண்களின் விகிதத்துக்கு ஏற்ப விளையாட்டு வாய்ப்பு இருக்க வேண்டும். அல்லது வாய்ப்புகளைப் படிப்படியாக விரிவாக்கி வந்த வரலாறு இருக்க வேண்டும். அல்லது பெண்களின் ஆர்வமும் திறனும் முழுமையாக நிறைவு செய்யப்பட்டிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்றையேனும் கல்லூரி நிறைவேற்றியாக வேண்டும்.

அதே ஆண்டில், தாங்களாகவே குழு அமைத்து விளையாடிவந்த வட கரோலினா மாணவிகளின் கோரிக்கையை ஏற்று, பல்கலைக்கழகம் அவர்களை அதிகாரபூர்வ அணியாக்கியது. ஆடவர் அணியின் பயிற்சியாளராக இருந்த ஆன்சன் டோரன்ஸ் மகளிர் அணிக்கும் பயிற்சியாளரானார். அக்காலத்தில் மகளிர் கல்லூரி விளையாட்டை ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற பெண்களின் அமைப்பே நடத்திவந்தது. 1981இல் அது நடத்திய முதல் மகளிர் கால்பந்துப் பட்டத்தை வட கரோலினா வென்றது. மறு ஆண்டு என்.சி.ஏ.ஏ. தன் சொந்த மகளிர் கால்பந்துப் போட்டியைத் தொடங்கியது. பெண்களின் அமைப்பு மூடப்பட்டது.

இந்த மாற்றத்துக்கு ஒரு விலை இருந்தது. 1972இல் கல்லூரி மகளிர் அணிகளின் பயிற்சியாளர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள். பணமும் மதிப்பும் வந்தபின் அப்பணிகளுக்கு ஆண்கள் வந்தனர். பெண்களின் பங்கு பாதிக்கும் கீழே சரிந்தது. வட கரோலினா அணியையும் 1979 முதல் 2024 வரை ஓர் ஆணே வழிநடத்தினார்.

வெற்றிகளோ மலைக்கவைப்பவை. 1982 முதல் 1984 வரை மூன்று பட்டங்கள். 1985இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திடம் இறுதிப் போட்டியில் தோல்வி. பின்னர் 1986 முதல் 1994 வரை தொடர்ந்து ஒன்பது பட்டங்கள். இடையே 103 ஆட்டங்கள் தோல்வியின்றிக் கடந்தன. 1991இல் சீனாவில் நடந்த முதல் மகளிர் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணிக்கும் டோரன்ஸே பயிற்சியாளர். அணித்தலைவர் ஏப்ரல் ஹைன்ரிக்ஸும், மியா ஹாம், கிறிஸ்டீன் லில்லி ஆகியோரும் வட கரோலினாவில் ஆடியவர்களே.

விளையாட்டுக்குள்ளும் உரிமை

1998இல் இந்த அணியின் முன்னாள் வீராங்கனைகள் இருவர், பயிற்சியாளர் பாலியல் ரீதியாகத் தொல்லை தந்தார் என்று ஒன்பதாம் பிரிவின் கீழ் வழக்குத் தொடுத்தனர். அவர் குற்றச்சாட்டை மறுத்தார். ஒருவரின் வழக்கு 2004இல் சமரசத்தில் முடிந்தது. மற்றவரின் வழக்கைக் கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோதும், 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2008இல் 3,85,000 டாலர் இழப்பீட்டுடனும் பயிற்சியாளரின் மன்னிப்புக் கடிதத்துடனும் அது சமரசமாயிற்று. விசாரணை முழுமையாக நடந்து தீர்ப்பு வராததால் குற்றம் நிறுவப்பட்டது என்று நாம் சொல்ல இயலாது. ஆனால் பட்டங்களின் எண்ணிக்கை கேள்விக்கு அப்பாற்பட்ட பாதுகாப்பைத் தராது என்பதை அந்த மாணவிகள் பத்தாண்டுகள் போராடி நிறுவினர். வாய்ப்பைத் தந்த சட்டமே, வாய்ப்பு தந்தவர்களை எதிர்த்து நிற்கும் வலுவையும் தந்தது.

யார் நுழைந்தார்கள்?

சேப்பல் ஹில் பல்கலைக்கழகம் 1795இல் வகுப்புகளைத் தொடங்கியது. அதன் பழைய கட்டடங்களில் அடிமைப்படுத்தப்பட்ட மக்களின் உழைப்பு உறைந்திருக்கிறது. கறுப்பின மாணவர்கள் முதன்முதலாக இளநிலைப் படிப்பில் அடியெடுத்து வைத்தது 1955இல், அதுவும் நீதிமன்ற ஆணையின் பேரில். வந்தவர்கள் மூவர். அண்டை நகரான டர்ஹமில் ஒரே பள்ளியில் படித்த அம்மூவரும் ஆண்கள்.

1999 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை 90,185 பேர் அரங்கில் கண்டனர். அன்று களமிறங்கிய அமெரிக்கப் பதினொருவரில் நால்வர் வட கரோலினாவில் படித்தவர்கள். அந்தப் பதினொருவரில் ஒரே கறுப்பினப் பெண், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற கோல்காப்பாளர் பிரியானா ஸ்கரி. சீனாவின் பெனால்டியைத் தடுத்துக் கோப்பைக்கு வழி திறந்தவர் அவர். தேசிய அணிக்கு அழைக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண் கிம் கிராப். அவர் 1985இல் வட கரோலினாவை வீழ்த்திய ஜார்ஜ் மேசன் அணியைச் சேர்ந்தவர். கறுப்பினப் பெண்களிடம் திறமை இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. 2009இல் பட்டம் வென்ற ஜெசிகா மெக்டொனால்டும் 2012இல் வென்ற கிறிஸ்டல் டன்னும் வட கரோலினாவிலேயே அதை மெய்ப்பித்தனர்.

தடை வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் சிறுமியர் கால்பந்து தனியார் மன்றங்களின் கையில் உள்ளது. கட்டணம், பயணம், சீருடை என ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் செலவாகும். அம்மன்றங்களின் போட்டிகளில்தான் கல்லூரிப் பயிற்சியாளர்கள் வீராங்கனைகளைத் தேடுகிறார்கள். ஆக, கல்லூரி தரும் உதவித்தொகை பெரும்பாலும் ஏற்கெனவே செலவழிக்க முடிந்த வீட்டுக்கே செல்கிறது. அமெரிக்கக் கால்பந்து எனப்படும் ஆடவர் ஆட்டத்தின் பெரும் எண்ணிக்கைக்கு ஈடுகட்ட, அதிகம் பேர் ஆடும் மகளிர் கால்பந்தைக் கல்லூரிகள் விரும்பிச் சேர்த்தன. வசதி குறைந்த பள்ளிகளில் பயின்ற கறுப்பினப் பெண்கள் கூடைப்பந்திலும் தடகளத்திலும் மட்டுமே திரளாகக் காணப்பட்டனர்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு தீர்ப்பு உதவும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது கறுப்பினப் பெண்கள் ஐவர் தொடுத்த வழக்கில், இனம், பாலினம் இரண்டையும் சேர்த்து ஒரே பாகுபாடாகக் கோர இயலாது என்று 1976இல் நீதிமன்றம் கூறியது. அந்நிறுவனத்தில் பெண்கள் இருந்தனர், அவர்கள் வெள்ளையர். கறுப்பினத்தவர் இருந்தனர், அவர்கள் ஆண்கள். இடையில் நின்றவர்கள் கணக்கில் வரவில்லை. இத்தீர்ப்பை ஆராய்ந்தே 1989இல் கிம்பர்லே கிரென்ஷா குறுக்குவெட்டு ஒடுக்குமுறை என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தார். ஒன்பதாம் பிரிவின் மூன்று அளவுகோல்களும் பாலினத்தை மட்டுமே எண்ணுகின்றன. எந்தப் பெண் என்று அவை கேட்பதில்லை.

மகளிர் இடஒதுக்கீட்டுக்குள் உள் ஒதுக்கீடு வேண்டும் என்ற குரலை அறிந்த நமக்கு இவ்வரலாறு அந்நியமானதல்ல. ஒன்பதாம் பிரிவு தோற்றுவிட்டது என்று இதிலிருந்து முடிவு செய்வது பிழை. 1972க்கு முன் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய மாணவியர் மூன்று இலட்சத்துக்கும் குறைவு. இன்று முப்பது இலட்சத்துக்கும் மேல். சட்டம் இல்லையேல் இந்த மாற்றம் இல்லை. ஆனால் அது வாசலைத் திறந்ததோடு நின்றது. வாசலுக்கு வரும் பாதையில் வசூலிக்கப்படும் சுங்கத்தைத் தொடவில்லை. பாலினத்தோடு இனத்தையும் சேர்த்து எண்ணுவதும், கட்டணமின்றி ஆட அரசுப் பள்ளிகளில் மைதானமும் பயிற்சியும் தருவதும், மன்றங்களுக்கு வெளியிலும் வீராங்கனைகளைத் தேடுவதுமே அடுத்த கட்டக் கோரிக்கைகளாக இருக்க முடியும். எந்த மக்களின் போராட்டம் இச்சட்டத்துக்குச் சொற்களைத் தந்ததோ, அந்த மக்களின் மகள்களுக்கு அது இன்னும் கடன்பட்டிருக்கிறது.