உப்பின் அளவு



தூத்துக்குடி என்றவுடன் முத்தை நினைத்த காலம் ஒன்று இருந்தது. இன்று முத்துக்குளிப்பு பழங்கதை. உப்பே நிலைத்து நிற்கிறது. கடலோரமாகச் செல்வோர் பாத்தி பாத்தியாக விரிந்த உப்பளங்களையும், வெண்குன்றுகள் போன்ற உப்பு அம்பாரங்களையும் காண்பர். அவ்வுப்பைக் கொண்டே இன்று ஒரு சுகாதாரப் பாடத்தைக் கூற விழைகிறேன்.

என்னுடன் பல்லாண்டுகள் கணக்குக் கற்பித்த நண்பர் ஒருவர் இருந்தார். காய்ச்சல் என்று ஒரு நாளும் படுத்தவர் அல்லர். ஓய்வு பெற்ற மறு ஆண்டில் ஒரு நாள் காலை பக்கவாதத்தால் வீழ்ந்தார். சுண்ணக்கட்டி பிடித்த வலக்கை செயலற்றது. நெடுங்காலமாகவே இரத்தக் கொதிப்பு இருந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். அதனை அளந்து பார்த்தவர் எவருமில்லை, நண்பரும் கேட்டதில்லை.

வாந்திபேதி ஆரவாரத்தோடு வரும் நோய். துறைமுகத்தில் கப்பலை நிறுத்திச் சோதித்து அத்தகைய நோய்களைத் தடுக்க முயன்றனர் நம் முன்னோர். இரத்தக் கொதிப்பை எந்தத் துறைமுகத்தில் தடுப்பது? அது நம் அடுக்களையிலேயே குடியிருக்கிறது. உப்பிலுள்ள சோடியம் உடலில் மிகும்போது நீரும் உடன் தங்குகிறது. குருதியின் கனஅளவு பெருகுகிறது. நாளங்களின் சுவர்கள் அழுத்தத்தைத் தாங்கித் தாங்கித் தடிக்கின்றன. வலி இல்லை, ஆதலின் எச்சரிக்கையும் இல்லை. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உலக மக்கள் உண்பதோ ஏறத்தாழ அதன் இருமடங்கு.

இதில் அரசு செய்யக்கூடியது யாது? உப்பின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1956 ஆம் ஆண்டு முதல் இமயமலைச் சாரலில் உள்ள காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் அயோடின் சேர்த்த உப்பை வழங்கி ஆராய்ந்தனர். முன்கழுத்துக் கழலை நோய் குறைந்தது. 1962 ஆம் ஆண்டில் அது நாடு தழுவிய திட்டமாயிற்று. மக்கள் தம் பழக்கத்தை மாற்றவேண்டியிருக்கவில்லை, உப்பே மாறியது.

உப்பைக் குறைப்பது அவ்வளவு எளிதன்று. பின்லாந்து நாட்டின் வட கரேலியா மாகாணத்தில் 1972 ஆம் ஆண்டில் ஒரு முயற்சி தொடங்கிற்று. கொழுப்பு, புகையிலை, உப்பு ஆகியவற்றைக் குறைக்க ஊரார் அனைவரையும் ஈடுபடுத்தினர். பின்னர் உப்பு மிகுந்த உணவுப் பொட்டலங்களில் எச்சரிக்கை அச்சிடவேண்டும் என்று அந்நாடு சட்டம் செய்தது. உழைக்கும் வயது ஆடவர் இதயநோயால் இறப்பது நாற்பது ஆண்டுகளில் 100க்கு 80க்கும் மேலாக அங்குக் குறைந்தது.

ஆனால் அந்த வழி மட்டும் நமக்குப் போதாது. பொட்டலத்தின்மேல் அச்சிடலாம், குழம்புச் சட்டியின்மேல் அச்சிட முடியுமா? நாம் உண்ணும் உப்பில் பெரும்பகுதி வீட்டுச் சமையலில் சேர்வது. கருவாடும் ஊறுகாயும் அதனோடு கூடும். மேலும், உப்பளத் தொழிலாளி ஒருவர் மருத்துவமனை வரிசையில் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று. வலியில்லாத நோய்க்காக யார் கூலியை இழப்பார்? ஆகவே ஏழைநாட்டில் மருத்துவமே வீடு தேடிச் செல்லவேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' இக்கருத்தின் செயல்வடிவமே. பெண் தன்னார்வலர்கள் இல்லந்தோறும் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளக்கின்றனர்; நோயுற்றோருக்கு மாத்திரைகளைக் கொண்டுசேர்க்கின்றனர். என் வீட்டுத் திண்ணையிலும் அவ்வாறு அளந்தார் ஒருவர். எனக்கும் அழுத்தம் மிகுந்தே இருந்தது. நண்பருக்குக் கிட்டாத எச்சரிக்கை எனக்குக் கிட்டியது.

உப்பையே மாற்றும் வழியும் ஆராயப்பட்டுள்ளது. சீனத்தில் 600 சிற்றூர்களில் சோடியத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பொட்டாசியம் கலந்த உப்பை வழங்கிச் சோதித்தனர். பக்கவாதம் 100க்கு 14 அளவு குறைந்தது என 2021 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சிறுநீரக நோயுற்றோருக்கு இவ்வுப்பு தீங்கு செய்யலாம். ஆதலால் மருத்துவரைக் கேட்டே இதனைக் கொள்ளவேண்டும்.

இறுதியாக, உங்களுக்கு ஒரு கணக்கு. வளர்ந்தவர் நால்வர் உள்ள குடும்பத்திற்கு, ஆளுக்கு 5 கிராம் வீதம், ஒரு கிலோ உப்பு எத்தனை நாட்களுக்கு வரவேண்டும்? குறைந்தது 50 நாட்கள். உங்கள் வீட்டில் எத்தனை நாட்களுக்கு வருகிறது என்று இன்றே தாயாரிடம் கேளுங்கள். வீட்டுப் பெரியோருக்கு இரத்த அழுத்தம் எப்போது அளக்கப்பட்டது என்றும் கேளுங்கள். என் நண்பர் வகுப்பில் எத்தனையோ கணக்குகளைப் போட்டுக் காட்டினார். இந்த ஒன்றை மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.