வணிக மின்னஞ்சலும் கையடக்கக் கருவியும்

வணிகத்துக்கு உயிர்நாடியாய் விளங்குவது கடிதப் போக்குவரத்தாகும். முன்னாளிற் கடிதம் கந்தோரிலே காத்திருந்தது. வணிகன் வெளியூர் சென்று மீண்ட பின்னரே அதற்கு விடை புறப்பட்டது. இன்று மின்னஞ்சல் அவனைப் பின்தொடர்ந்து புகைவண்டியிலும் விமான நிலையத்திலும் அவன் சட்டைப்பையைத் தட்டுகின்றது. ஆகவே, அதனைப் பெற்று விடையிறுத்தற்குரிய கருவியைத் தெரிவது சிறு காரியமன்று. எனினும் கருவி வாங்கப் புகுவோர் பெரும்பாலும் திரையின் அகலத்தையும் படம் பிடிக்குந் திறத்தையும் விலையையுமே ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். மடல் எவ்வழியாக அக்கருவியை வந்தடைகின்றது, அவ்வழியைக் காப்போர் யாவர், எத்துணைக் காலங் காப்பர் என்பனவற்றை ஆராய்வார் அரியர். இவ்வினாக்களே முதன்மையானவை என்பதற்குப் பிளாக்பெறி என்னுங் கருவியின் வரலாறு தக்க சான்றாகும்.

கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்திலே வாட்டர்லூ என்னும் நகருண்டு. ஆங்கு 1984 ஆம் ஆண்டில் மைக் லசாறிடிஸ், டக்ளஸ் பிறெகின் என்னும் இளைஞர் இருவர் றிசேச் இன் மோஷன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். கம்பியில்லாத் தொடர்பிலே பல்லாண்டு உழைத்த அந்நிறுவனம் 1999 இல் பிளாக்பெறி மின்னஞ்சற் சேவையை வெளியிட்டது. அதற்கெனக் கொடுக்கப்பட்ட முதற் கருவி பேசுதற்குரிய தொலைபேசியன்று. இடைவாரிற் செருகத்தக்க சிறு பெட்டியே. சுவர்க் கடிகாரத்துக்கு இடுகின்ற சாதாரண மின்கலம் ஒன்றே அதனை இயக்கப் போதியதாயிருந்தது. பெருவிரல் இரண்டாலுந் தட்டுதற்கேற்ற குறுகிய விசைப்பலகையொன்றும் அதன்கண் அமைந்திருந்தது.

ஆயினும் அதன் சிறப்பு பெட்டியிலன்று, பெட்டிக்குப் பின்னால் அமைந்த ஒழுங்கிலேயே தங்கியிருந்தது. அக்காலத்துக் கணினிகள் மின்னஞ்சல் பெறும் முறை, ஒருவன் நாடோறும் பன்முறை தபாற்கந்தோருக்குச் சென்று "எனக்குக் கடிதம் உண்டோ?" என்று வினவுதலை ஒத்தது. கையடக்கக் கருவி இவ்வாறு ஓயாது வினவுமாயின் மின்கலம் விரைவில் வற்றும்; தொடர்புக் கட்டணமும் பெருகும். றிசேச் இன் மோஷன் இம்முறையைத் தலைகீழாக்கிற்று. வணிக நிறுவனத்தின் கந்தோரிலேயே வழங்கி ஒன்று நிறுவப்பட்டது. அது அஞ்சற் பெட்டியை இடையறாது கண்காணித்து, புதுமடல் வந்தவுடன் அதனைச் சுருக்கி, பிறர் படிக்கவியலாதவாறு மறைகுறியாக்கி, றிசேச் இன் மோஷனின் நடுநிலையத்துக்கு அனுப்பும். நடுநிலையம் அதனைக் கம்பியில்லா வலையமைப்பின் வழியே உரியவர் கைக்குச் செலுத்தும். நீண்ட மடலாயின் முதற்பகுதி மாத்திரமே செல்லும். எஞ்சியது கேட்டாற் கிடைக்கும். மெதுவான வலையமைப்பையும் சிறிய மின்கலத்தையுங் கொண்டே மடலை உடனுக்குடன் சேர்ப்பித்த இவ்வமைப்பு பெரிதும் மெச்சத்தக்கதேயாம்.

இதன் பயன் விரைவில் வெளிப்பட்டது. 2001 செப்ரெம்பர் 11 இல் நியூயோர்க் நகரத்தில் நிகழ்ந்த பேரழிவின்போது தொலைபேசி இணைப்புக்கள் நெரிசலாற் செயலற்றிருப்ப, பிளாக்பெறி மடல்கள் சென்றுகொண்டிருந்தன. அதன் பின்னர் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை தன் உறுப்பினருக்கு இக்கருவியை வழங்கியது. 2009 இற் பதவியேற்ற சனாதிபதி ஒபாமா, தம் கருவியைக் கைவிட மனமின்றி, பாதுகாப்பு மிகுத்துத் திருத்தப்பட்ட ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டமையும் பலரறிந்ததே.

ஆனால் வலிமை எங்கிருந்ததோ அங்கேயே மெலிவும் இருந்தது. மடல்கள் யாவும் ஒரே நிறுவனத்தின் நடுநிலையத்தைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தன. 2010 இல் ஐக்கிய அரபு அமீரக அரசு, தகவல்கள் தன் எல்லைக்கு அப்பால் அயல்நாட்டு நிறுவனமொன்றாற் கையாளப்படுகின்றன என்று கூறி, ஒக்ரோபர் 11 முதற் சேவையைத் தடைசெய்யப் போவதாக அறிவித்தது. குறித்த நாளுக்குச் சற்று முன்னர் உடன்பாடு ஏற்பட்டதனால் அத்தடை நடைமுறைக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு நேர்ந்தது இதனினும் பெரிது. 2011 ஒக்ரோபர் 10 இல் நிறுவனத்தின் உள்ளகப் பொறியமைப்பில் முதன்மை ஆளியொன்று பழுதுற்றது. அதற்கு மாற்றாக இயங்க வேண்டிய அமைப்பும் எதிர்பார்த்தவாறு இயங்கவில்லை. ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆபிரிக்கா, இந்தியா ஆகிய இடங்களிலும், பின்னர் அமெரிக்கக் கண்டத்திலும் சில நாட்களாக மடல்கள் தடைப்பட்டன. வாங்கியோரின் கருவியில் யாதொரு குறையுமில்லை. அவர்தம் கந்தோரிலும் குறையில்லை. எனினும் கடிதம் வரவில்லை. இறுதியாக, 2022 சனவரி 4 இல் பழைய பிளாக்பெறி இயங்குதளங்களுக்கான சேவைகளை நிறுவனமே நிறுத்திற்று. அன்றுவரை பழுதின்றி விளங்கிய விசைப்பலகைகள் பல அதன்பின் நம்பத்தகாதனவாயின.

இடைக்காலத்தில் வேறு வழிகள் வளர்ந்தன. அப்பிள் நிறுவனம் 2007 இல் ஐபோனை வெளியிட்டபொழுது வணிக மின்னஞ்சலுக்கு அது ஏற்றதன்று என்றே பலர் கருதினர். கண்ணாடித் திரையில் தட்டி யார் வணிகக் கடிதம் எழுதுவர் என்பது அவர்தம் வினா. மறு ஆண்டிலேயே மைக்கிறோசொவ்ற் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் வழங்கியோடு நேரே தொடர்புகொள்ளும் அக்ரிவ்சிங் என்னும் முறையை ஐபோன் ஏற்றது. இதன்படி கருவி வழங்கியை ஒருமுறை வினவிவிட்டு இணைப்பைத் திறந்தபடி காத்திருக்கும். மடல் வரும்போது வழங்கி விடையிறுக்கும். இடையில் மூன்றாமவர் நடுநிலையம் வேண்டுவதில்லை. ஐமாப் என்னும் பொதுநெறியிலும் இதனையொத்த ஏற்பாடு 1997 இலேயே வகுக்கப்பட்டிருந்தது. பொப் என்னும் மற்றொரு பழைய நெறியும் உண்டு. அது மடலை வழங்கியிலிருந்து கருவிக்கு இறக்கி, பெரும்பாலும் வழங்கிப் பிரதியை அழித்துவிடும் இயல்பினது. கைத்தொலைபேசியில் இறங்கிய விலைக்கோரிக்கை கந்தோர்க் கணினியிற் காணப்படாது மறைதற்கு இதுவே காரணமாவதுண்டு. வணிகத்துக்கு அதனைத் தவிர்த்தல் நன்று.

ஆதலின், கருவி தெரிவோர் முதலில் தம் கந்தோரின் அஞ்சல் எவ்வகை வழங்கியில் உள்ளது என்பதைக் கேட்டறிதல் வேண்டும். ஒரே கருவி ஒரு வழங்கியோடு மடலை உடனே தரும். வேறொன்றோடு கால்மணிக்கு ஒருமுறை வினவியே தரும். விலையுயர்ந்த கருவியை வாங்கியபின் மடல் தாமதமாய் வருகின்றதென்று குறைகூறுவோரிற் பலர் இவ்வேறுபாட்டை அறியாதவரே.

அடுத்தது ஆயுள். இங்கு ஆயுளென்பது உடலின் உறுதியன்று, பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்குங் காலமாகும். மைக்கிறோசொவ்ற் நிறுவனம் 2022 ஒக்ரோபர் முதல், கடவுச்சொல்லை மாத்திரங் கொண்டு தன் இணைய அஞ்சற் சேவையுட் புகும் பழைய முறையைப் படிப்படியாக மூடியது. புதிய முறையை அறியாத பழைய அஞ்சற் செயலிகள் வாயிலில் நின்றுவிட்டன. கூகிள் நிறுவனம் 2023 இல் வெளியிட்ட பிக்சல் 8 கருவிக்கும், சாம்சங் நிறுவனம் 2024 இல் வெளியிட்ட கலக்சி எஸ்24 கருவிக்கும் ஏழாண்டுத் திருத்தங்களுக்கு உறுதி கூறியுள்ளன. மலிவான கருவிகள் பலவற்றுக்கு இக்காலம் மிகக் குறைவு. விலையை ஆண்டுகளாற் பிரித்துப் பார்ப்பின் மலிவு எது என்பது சில வேளைகளில் மாறித் தோன்றும்.

பலர் கையொப்பமிடும்போது கவனியாத விடயமொன்றும் உண்டு. கருவி தொலைந்துவிடின் அதிலுள்ள கடிதங்கள் பகைவர் கைப்படாதிருத்தற்பொருட்டு, நிறுவனம் தொலைவிலிருந்தே அனைத்தையும் அழிக்க வல்லது. சொந்தக் கைத்தொலைபேசியிற் கந்தோர் அஞ்சலைச் சேர்ப்பவர், தம் குழந்தையின் நிழற்படங்களையும் அழிக்கும் அதிகாரத்தைச் சிலவேளை உடன் கொடுத்துவிடுகின்றார்! அன்றொயிட் இயங்குதளம் 2014 முதல் தொழிலுக்கெனத் தனியறை வகுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுள்ளது. அவ்வறையை மட்டும் அழித்தல் இயலும். ஐபோனிலும் நிறுவனக் கணக்குகளைத் தனியே நீக்கும் வழி உண்டு. கந்தோர் எம்முறையைக் கைக்கொள்கின்றது என்பதை அஞ்சற் கணக்கைச் சேர்க்கு முன்னரே எழுத்திற் பெற்றுக்கொள்ளல் தகும்.

திரை, எடை, மின்கலம் ஆகியன அவரவர் கைக்கும் கண்ணுக்கும் ஏற்பத் தீர்மானிக்கத்தக்கன. விசைப்பலகை உடைய கருவிகள் இன்று அருகிவிட்டமையால் அதுபற்றி நீள உரைப்பதிற் பயனில்லை. கடையிலே கருவியைச் சோதிப்பவர் படம் பிடித்துப் பார்ப்பதை விடுத்து, இணைப்புடன் கூடிய நீண்ட மடலொன்றைத் திறந்து, அதற்குப் பத்து வரியில் விடையெழுதி அனுப்பிப் பார்ப்பாராக. பின் தொடர்பு குன்றிய இடத்தில் நின்று அதே மடலைத் திரும்பத் தேடுக. வழங்கியை அணுகாதபோதும் அண்மைக் கடிதங்களைக் கருவி தன்னகத்தே வைத்திருக்கின்றதா என்பது அப்போது புலப்படும்.