சாமி பேரில் சொன்னது

எங்கள் வீட்டுப் படையலில் சுருட்டு உண்டு. கோழிக்குழம்பு, அவித்த முட்டை, வறுத்த கருவாடு, ஒரு போத்தல் ஸ்டவுட் எல்லாம் உண்டு. வெளியில் யாராவது கேட்டால், "குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்போம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றுதான் எங்களை வளர்த்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல் அந்தக் கட்டுப்பாடு எனக்கு அலுத்துவிட்டது. கும்பிடுகிற சாமியைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட்டால் அப்புறம் எதற்குக் கும்பிட வேண்டும்?

நான் ஜோகூரில் பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். வீடு மாசாயில். ஆனால் எங்கள் முனியாண்டிக்கு ஊர் லாயாங் லாயாங் பக்கத்தில் இருந்த ஒரு கித்தாத் தோட்டம். கொள்ளுத்தாத்தா சேலத்துப் பக்கமிருந்து மனைவி, கைக்குழந்தை, தம்பி சகிதம் கப்பலேறி வந்தவர். மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடுத்தது. இவர்கள் அதற்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஊர்க்கோயிலில் பிடிமண் எடுத்து முந்தானையில் முடிந்து வந்தவள் கொள்ளுப்பாட்டி. அதைத் தோட்டத்து எல்லையில் ஒரு மரத்தடியில் போட்டு, மேலே சூலத்தை நட்டார்கள். அவ்வளவுதான் கோயில்.

பழைய தோட்டங்களில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். லயத்துக்குப் பக்கத்தில் மாரியம்மன், எல்லையில் முனி. மாரியம்மன் திருவிழா தோட்டம் முழுவதற்குமானது. கிராணியும் தண்டலும் முன்னால் நிற்பார்கள். முனி காவல்காரர். விடியுமுன் இருட்டில் பால் வெட்டப் போகிறவர்களுக்கு அவர்தான் துணை. தோட்டத்தில் மட்டுமல்ல, வேலைக்காட்டுக்குப் போன இடமெல்லாம் நம் ஆட்கள் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போனார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் இன்று பெரிதாக நிற்கிற முனீஸ்வரர் கோயிலும் 1932இல் ரயில்வேத் தொழிலாளர்கள் ஆரம்பித்துவைத்ததுதான்.

படையல் ஆடி மாதத்தில். இப்போது ஞாயிற்றுக்கிழமையில் வைக்கிறோம். ஜோகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்த பதினோரு வருடமும் எங்கள் குடும்பத்தில் இதற்கே ஒரு சண்டை நடக்கும். சிங்கப்பூரில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு ஞாயிறுதான் லீவு, இங்கே உள்ளவர்களுக்கு அன்று வேலை நாள். 2025 ஜனவரியில் சனி, ஞாயிறு திரும்பி வந்ததும் முனியாண்டியே மனசு வைத்தார் என்றார் என் மாமா.

சமையல் முடியும்வரை யாரும் ருசி பார்க்கக்கூடாது. உப்பு கூடக்குறைய இருந்தாலும் அது சாமி பாடு. தலைவாழை இலைகளைத் தரையில் வரிசையாகப் போடுவோம். முனிக்குப் பெரிய இலை. அதன் தலைமாட்டில் அருவாள், எலுமிச்சம்பழம், சுருட்டு. பக்கத்தில் செத்துப்போனவர்களுக்கு ஆளுக்கோர் இலை, அவரவருக்குப் பிடித்ததோடு. ஓர் அத்தைக்குக் கிரீம் பிஸ்கட் வைக்கிறோம், வேறெதையும் அவர் விரும்பித் தின்று யாரும் பார்த்ததில்லை. எல்லாம் பரிமாறியதும் சாம்பிராணி போட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நிற்க வேண்டும். உள்ளே அவர்கள் சாப்பிடுகிற நேரம் அது. குழந்தைகள் கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன், புகைதான் தெரிந்தது.

கதவைத் திறந்து சூடம் காட்டும்போது பாட்டிக்கு அருள் வரும்.

பாட்டி தாலியறுத்தவர். மற்ற நாளில் கல்யாண வீட்டில் பின்வரிசையில் உட்காருவார். புதுப்பெண்ணுக்கு ஆரத்தி எடுக்கக் கூப்பிட மாட்டார்கள். அன்று மட்டும் உறுமிச் சத்தம் ஏறியதும் அவர் தோள் குலுங்கும், கொண்டை அவிழும், "டேய்!" என்று ஒரு குரல் வரும். வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர் கையால் திருநீறு வாங்காமல் யாரும் நகர முடியாது.

அருள்வாக்கு என்றால் வெளியாட்கள் வேறு மாதிரி நினைக்கிறார்கள். நாலு நம்பர் கேட்டு வருகிறவர்கள் எப்போதும் இரண்டு பேராவது இருப்பார்கள்; அவர்களைப் பாட்டி மேல் வந்த சாமி சவுக்கால் விரட்டும். அவர் சொன்னதெல்லாம் வீட்டு விஷயம்தான். "சம்பளத்த நம்பர்ல விட்டுட்டு வந்து பொண்டாட்டிய அடிக்கிறியே, ஒன் கொல்லையில நான் எதுக்கு நிக்கணும்?" என்று என் மாமா ஒருவரைக் கேட்டது. அந்த மாமாவைத் தண்டல்கூட எதிர்த்துப் பேசத் தயங்குவார். மனிதர் தரையில் விழுந்து கும்பிட்டார். சூதாட்டத்தை விட்டாரா என்றால், இல்லை. அடிப்பதை விட்டார் என்று அத்தை பிற்பாடு சொன்னார்.

எண்பதுகளில் ஒரு படையல். நான் சிறுமி. அதுவரை யாரும் வாய் திறந்து பேசாத ஒன்றை அன்று பாட்டி பேசினார். ஜப்பான்காரன் காலத்தில் கொள்ளுத்தாத்தாவைச் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 1942, 43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதை அது. கூட்டாளி நாட்டுப் போர்க் கைதிகளைப் பற்றிப் படமும் புத்தகமும் ஏராளம் வந்துவிட்டன. மலாயாத் தோட்டங்களிலிருந்து போய் மலேரியாவிலும் காலராவிலும் செத்த ஆயிரக்கணக்கான தமிழர்களுக்கு நெடுங்காலம் அவரவர் வீட்டு இலைதான் நினைவுச்சின்னமாக இருந்தது. செத்த தேதி தெரியாததால் திதியும் கிடையாது. அதனால்தான் எங்கள் வீட்டில் முனி படையலோடு அவர் இலையையும் சேர்த்துப் போட்டார்கள்.

அந்த இலைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தவர் கொள்ளுத்தாத்தாவின் தம்பி. எங்களுக்குச் சின்னத் தாத்தா. எழுபதை நெருங்கிய கிழவர். பாட்டி மேல் வந்த சாமி அவர் எதிரில் போய் நின்றது. "அண்ணனுக்குச் சோறு வக்கிறியே, அன்னைக்குப் பட்டியல்ல அவன் பேரக் குடுத்தது யாருடா?"

தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கேட்டபோது தம்பி தன் பேருக்குப் பதில் அண்ணன் பேரைச் சொல்லியிருக்கிறார். அண்ணனும் தெரிந்தேதான் போனாரா என்பது எங்களுக்குத் தெரியாது. சின்னத் தாத்தா சத்தமில்லாமல் அந்த இலை முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரை அடிக்கவில்லை, ஏசவில்லை, ஒதுக்கிவைக்கவுமில்லை. அவரைத் தூக்கிவிட்டுத் திருநீறு பூசியதும் அதே பாட்டிதான். பிறகு எல்லாரும் சாப்பிட்டோம்.

பெரியவளான பிறகு பாட்டியிடம் நேரடியாகவே கேட்டேன்: "பாட்டி, நெஜமா சாமிதான் பேசுச்சா, நீங்களா பேசுனீங்களா?" வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "வந்தது சாமிதான். ஆனா நம்ம வீட்டுச் சேதியெல்லாம் அதுக்கு யாரு சொல்லி வச்சா? நான்தானே." சின்னத் தாத்தா விஷயத்தை அவருக்கு மாமியார் சாகும்போது சொல்லியிருக்கிறார். நாற்பது வருடத்துச் சங்கதி, இரண்டு பெண்களின் வயிற்றுக்குள்ளேயே கிடந்தது.

படித்தவர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஐ.எம். லூயிஸ் என்ற மானுடவியலாளர், நேராகப் பேச இடமில்லாத பெண்களும் எளியவர்களும் ஆவியின் வாயால் தங்கள் குறையைச் சொல்லிவிடுகிறார்கள் என்று 1971இல் ஒரு புத்தகமே எழுதினார். பினாங்கில் பிறந்த ஐஹ்வா ஓங், சிலாங்கூர் தொழிற்சாலைகளில் மலாய்ப் பெண்களுக்கு வேலை நேரத்தில் பேய் பிடித்ததை ஆராய்ந்து 1987இல் எழுதினார். ஓய்வில்லாத வேலைக்கும் மேலாளர் கண்காணிப்புக்கும் அவர்கள் காட்டிய எதிர்ப்பு அது என்றார். தொழிற்சாலையில் உட்கார்ந்து ஓவர்டைம் தாள்களைப் புரட்டுகிற எனக்கு அது சரியென்றே படுகிறது. ஆனாலும் பாட்டியின் பதிலில் உள்ள குறும்பு இவர்கள் எழுத்தில் இல்லை. சாமி பொய் என்று அவர் ஒருபோதும் நினைத்ததில்லை. சாமிக்கு விவரம் சொல்வது தன் பொறுப்பு என்று நினைத்தார்.

தோட்டம் செம்பனைக்கு மாறியது, பிறகு கைமாறியது. ஆட்கள் கூலாய், ஸ்கூடாய், மாசாய் என்று தாமான்களுக்குக் குடிபோனார்கள். முனியாண்டியும் இடம் பெயர்ந்தார். புதிய இடத்தில் நிர்வாகம் அமைந்தது, பதிவு நடந்தது, கும்பாபிஷேகம் நடந்தது. முனியாண்டி, முனீஸ்வரரானார். சுருட்டு போயிற்று, சர்க்கரைப் பொங்கல் வந்தது. இதில் ஆச்சரியமில்லை. கோயில்களில் உயிர்ப்பலி கூடாது என்று மலேசிய இந்து சங்கம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. தமிழ்நாட்டிலும் 1950ஆம் ஆண்டின் தடைச் சட்டத்தை 2003இல் தூசி தட்டி அமல்படுத்தப் போய், எதிர்ப்பு கிளம்பி, அடுத்த ஆண்டே சட்டத்தை விலக்கிக்கொண்டார்கள். வசதி வந்தால் சாமியும் மாறத்தான் செய்யும். ஜோகூர் பாருவில் 1922இல் சிறு குடிசையாக இருந்த ராஜகாளியம்மன் கோயில், இன்று சுவரெல்லாம் கண்ணாடி பதித்துச் சுற்றுலாப் பயணிகள் வந்து பார்க்கிற கோயில். எனக்கும் அங்கே போகப் பிடிக்கும்.

கோழி போனதில் எனக்கு வருத்தமில்லை. கோழி எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். புதிய கோயிலில் "அருள் வருபவர்கள் வரிசைக்கு இடையூறு இல்லாமல் ஓரமாக நிற்கவும்" என்று ஒலிபெருக்கியில் சொன்னபோதுதான் சுருக்கென்றது. கோழியோடு சேர்த்து அந்த வாயையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். பாட்டி போன பிறகு எங்கள் குடும்பத்தில் யார் மேலும் சாமி வரவில்லை. எனக்கும் வரவில்லை, வரும்போல நடிக்க எனக்குத் தெரியாது.

அதனால் போன ஆடியில் நான் சாதாரணமாகவே பேசிவிட்டேன். சித்தப்பா இறந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. சமையல் மொத்தமும் சித்திதான். இலை போடுகிற நேரத்தில், "நீ அந்தப் பக்கம் இரும்மா, சுமங்கலி யாராவது படைக்கட்டும்" என்றார் பெரியப்பா. சித்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தாள்.

"பாட்டியும் தாலி இல்லாமத்தான் நமக்கெல்லாம் திருநீறு பூசுனாங்க, பெரியப்பா. நீங்களே கால்ல விழுந்திருக்கீங்க. சித்தியே படைக்கட்டும்" என்றேன்.

"அது சாமிம்மா. இது வேற."

"சாமி வந்து சொன்னாத்தான் கேப்பீங்களா? நான் சொன்னா ஆகாதா?"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உறுமிக்காரப் பையன்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பாட்டி பேசினால் தலையில் திருநீறு விழும். நான் பேசியதற்கு "ரெண்டு காசு சம்பாதிக்கிற திமிர்" என்று கிடைத்தது. சாமி பேரில் சொல்கிறவருக்கு உள்ள பெரிய வசதி இது: மறுநாள் காலையில் அந்தப் பேச்சுக்கு அவர் பொறுப்பில்லை. எழுந்து பசியாறப் பண்ணலாம், திட்டு வாங்கினவனுக்கே தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கலாம். சொந்த வாயால் சொன்னால் அது நம் கணக்கிலேயே நிற்கும். அன்று மாமா குறுக்கே வந்து கரண்டியை எடுத்துச் சித்தி கையில் கொடுத்தார். சித்தி படைத்தாள். முதல் கரண்டி சோறு இலைக்கு வெளியே சிந்தியது, கை அப்படி நடுங்கிற்று. பெரியப்பா சாப்பிடாமல் காடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. இந்த வருடப் படையலுக்கு வாட்ஸ்அப் குழுவில் தேதி போட்டதும் எல்லாரும் பதில் எழுதினார்கள், அவரைத் தவிர. ஆனால் அவர் பங்குப் பணம் மட்டும் சித்தியின் கணக்குக்கு வந்திருக்கிறது. அவர் வரமாட்டார் என்றுதான் பெரியம்மா சொல்கிறார். காசைத் திருப்பி அனுப்பிவிடட்டுமா என்று கேட்டேன். "சாமிக் காச எதுக்குத் திருப்பணும்? வராதவங்க பங்குக்கும் சேத்துத்தான் கோழி சொல்லியிருக்கேன்" என்றாள் சித்தி.