பட்டியல் வந்தது, பாட்டியாரின் குரல் வரவில்லை

சென்ற நவம்பர்த் திங்களில் ஒரு மாலை வேளை, எம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பென் டிரைவ் ஒன்றைக் கையில் ஏந்தி எம்மிடம் வந்தார். அவருடைய பாட்டியார் இறந்து ஓராண்டு நிறைவுறும் நாள் நெருங்கிக் கொண்டிருந்தது. அம்மூதாட்டியார் பல ஆண்டுகளுக்கு முன் ஒலிநாடாக்களில் பதிந்து வைத்திருந்த தாலாட்டுகளையும் குடும்பக் கதைகளையும் வீட்டிலுள்ளோர் கணிப்பொறிக் கோப்புகளாக மாற்றியிருந்தனர். "சாமி, 23 பதிவுகளும் இதில் இருக்கின்றன. நினைவு நாளன்று உறவினர் எல்லாரும் கேட்க வேண்டும்" என்றார்.

எம் மேசைக் கணிப்பொறியில் வி.எல்.சி. என்னும் மென்பொருள் உண்டு. பாரிஸ் நகர்ப் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் 1996-இல் தொடங்கிய முயற்சியில் விளைந்தது அது. விலை ஏதுமின்றிக் கிடைப்பது. அதில் திறந்தவுடன் 23 தலைப்புகளும் வரிசையாகத் தோன்றின. ஆனால், ஒன்றேனும் ஒலிக்கவில்லை. கோப்பைத் திறக்க இயலவில்லை என்னும் அறிவிப்பே வந்தது.

கோப்பின் அளவைப் பார்த்தோம்: 2 கிலோபைட்டு! வழக்கமான எம்.பி.3 கோப்பில் ஒரு விநாடி ஒலிக்கே ஏறத்தாழ 16 கிலோபைட்டு தேவை. பின் அதனைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்தோம். உள்ளே இருந்தவை பெயர்களும், அப்பாடல்கள் வீட்டுக் கணிப்பொறியில் எந்த அறையில் உள்ளன என்னும் முகவரிகளும் மட்டுமே. எம்.3யு என்று முடியும் பெயருடைய இத்தகைய கோப்பு வெறும் பட்டியல். நூலக அட்டையை எடுத்து வந்து நூலையே கொண்டு வந்ததாக எண்ணியது போலாயிற்று.

"வீட்டுக் கணிப்பொறி எங்கே, தம்பி?" என வினவினோம். பழையதாகிவிட்டதென்று, உள்ளிருந்தவற்றை அழித்து விற்றுவிட்டார்களாம். இளைஞர் முகம் வெளிறிப் போயிற்று.

"மூல ஒலிநாடாக்களாவது உண்டா?" என்றோம். அவருடைய அன்னையார் அவற்றை எறிய மனமின்றி பிஸ்கட் டப்பா ஒன்றில் வைத்திருந்தது பின்னரே தெரிய வந்தது. நான்கு நாடாக்கள். ஒன்றில் பூஞ்சை பிடித்திருந்தது. மற்றொன்றின் மேல் யாரோ திரைப்பாடல்களைப் பதிந்திருந்தனர் (இக்குற்றத்தை இதுவரை எவரும் ஒப்புக்கொள்ளவில்லை). எஞ்சியவை இரண்டு.

டேப் ரெக்கார்டர் ஒன்றைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாயிற்று. அதனைக் கம்பி வழியாகக் கணிப்பொறியுடன் இணைத்து, ஆடாசிட்டி என்னும் மென்பொருளால் பதிந்தோம். இதில் அவசரம் செல்லாது. 90 நிமிட நாடாவுக்கு 90 நிமிடம் அமர்ந்தே தீர வேண்டும்.

எவ்வடிவில் சேமிப்பது என்பதில் எமக்கும் இளைஞருக்கும் சிறு வழக்கு எழுந்தது. எம்.பி.3 போதும் என்றார் அவர். செருமனியின் எர்லாங்கன் நகரிலுள்ள பிரான்ஹோபர் ஆய்வு நிலையத்தின் அறிஞர்கள் முதன்மைப் பங்காற்றி உருவாக்கிய முறை அது. மனிதச் செவி பெரும்பாலும் உணராத ஒலிக்கூறுகளை நீக்கிவிட்டு எஞ்சியதைச் சுருக்கி வைக்கிறது. ஒரு மணி நேர ஒலி, குறுந்தகட்டின் தரத்தில் ஏறத்தாழ 635 மெகாபைட்டு; எம்.பி.3 வடிவில் 58 மெகாபைட்டுக்குள் அடங்கும். வியத்தகு சிக்கனமே! ஆயினும், நீக்கியது நீக்கியதுதான். அதனைப் பின்னர் பெரிய கோப்பாக மாற்றினும் போனது மீளாது. ஆகவே, சுருக்காத வேவ் வடிவில் மூலப்படியையும், அனைவருக்கும் அனுப்ப எம்.பி.3 படியையும் தனித்தனியே எடுத்தோம். மூலப்படி இப்போது மூன்று வீடுகளில் இருக்கிறது.

இரண்டாம் நாடாவில் தாலாட்டின் நடுவே மூதாட்டியார் இருமுகிறார்; தொலைவில் சேவல் ஒன்று கூவுகிறது. இளைஞர் மென்பொருளால் இருமலை வெட்டிவிட முனைந்தார். அருகில் நின்ற அன்னையார் அவர் கையைப் பற்றிக்கொண்டு, "அதை விட்டுவிடடா, அதுதான் அம்மா" என்றார்.

நினைவு நாளன்று அவ்விருமலும் ஒலித்தது.