ரஸியா முதல் பேனசீர் வரை: ஆட்சிப் பெண்டிரும் செய்தி மரபும்

ஆட்சியில் அமர்ந்த ஆணைப் பற்றி எழுதுவோர், அவர் நடத்திய போரையும் விதித்த வரியையும் எடைபோடுவர். அதே இடத்தில் ஒரு பெண் அமர்ந்தாலோ, அவர் என்ன உடுத்தினார், யாரோடு பழகினார் என்பனவே முதற்செய்தி ஆகிவிடுகின்றன. இவ்வழக்கத்தைத் தோற்றுவித்தவை இக்கால நாளிதழ்களோ தொலைக்காட்சியோ அல்ல. பழைய வரலாற்று நூல்களிலேயே அது வேரூன்றிவிட்டது. டெல்லியை ஆண்ட ரஸியாவின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

சுல்தான் இல்துமிஷ், தம் புதல்வர்களைவிட மகளே ஆளத் தகுதியுடையவர் எனக் கருதினார். ஆயினும் 1236இல் அவர் மறைந்ததும் பிரபுக்கள் மகன் ருக்னுத்தீனை அரியணை ஏற்றினர். ஏழு மாதங்களுக்குள் அவ்வாட்சி சரிய, ரஸியா பொறுப்பேற்றார். ஆண்கள் அணியும் அங்கியும் குல்லாவும் தரித்து, யானை மீதேறி மக்கள் முன் தோன்றினார். அபிசீனியரான ஜமாலுத்தீன் யாகூத்தை அரச குதிரை லாயத்தின் தலைவராக்கினார். உயர் பதவிகள் தமக்கே உரியவை என எண்ணிய துருக்கியப் பிரபுக்கள் இதனைப் பொறுக்கவில்லை. 1240இல் கிளர்ச்சி வெடித்தது. யாகூத் கொல்லப்பட்டார், அதே ஆண்டில் ரஸியாவும் உயிரிழந்தார்.

இவற்றை நேரில் அறிந்து எழுதியவர் காஜி மின்ஹாஜுஸ் ஸிராஜ். 1260இல் நிறைவுற்ற ‘தபகாத்தே நாஸிரி’யில் ரஸியாவின் நீதியையும் அறிவையும் படைநடத்தும் ஆற்றலையும் போற்றுகிறார். ஆணாகப் பிறவாததால் இச்சிறப்புகளால் என்ன பயன் என்றும் வருந்துகிறார். யாகூத் அரசிக்கு நெருக்கமான அதிகாரியாக இருந்ததையும் பிரபுக்களின் பொறாமையையும் சொல்லும் அவர், ஒழுக்கக்கேடு எதனையும் கூறவில்லை.

ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து, 1350 அளவில் பாரசீகக் காவியம் இயற்றிய இஸாமியிடம் தொனி மாறுகிறது. அரசியைக் குதிரையேற்ற யாகூத் கை கொடுத்தமையை ஐயத்திற்கு இடமாக்கும் அவர், பெண்ணுக்கு உகந்தது இராட்டையே என அறிவுரையும் கூறுகிறார். (இந்தியாவில் இராட்டை வழக்கில் இருந்ததற்குரிய தொன்மையான சான்றுகளுள் ஒன்றாக ஆய்வாளர் இன்று காட்டுவது இவ்வசைமொழியையே!) அதே காலத்தவரான இப்னு பதூதாவும் டெல்லியில் உலவிய அப்பழியைத் தம் பயண நூலில் பதிந்தார். 1983இல் வெளிவந்த கமால் அம்ரோஹியின் ‘ரஸியா சுல்தான்’ திரைப்படத்தில் ஹேமமாலினியும் தர்மேந்திராவும் காதலர்களாயினர். அதிகாரப் போட்டி பின்னுக்குப் போய்க் காதல் முன்னுக்கு வந்தது. இன்று ரஸியா என்றதும் பலர் நினைவில் எழுவது அக்காதற்கதையே.

இருபதாம் நூற்றாண்டிலும் இதே நிலைதான். 1988இல் பாகிஸ்தான் பிரதமரான பேனசீர் பூட்டோவின் முக்காடும், திருமணமும், கருவுற்றிருந்தமையும் அவரது கொள்கைகளுக்கு நிகராகப் பேசப்பட்டன. 1990 ஜனவரியில் பதவியில் இருக்கும்போதே அவர் மகளைப் பெற்றது உலகச் செய்தியாயிற்று. அவரது அரசுகள் 1990லும் 1996லும் ஊழல் குற்றச்சாட்டுகளின்பேரில் கலைக்கப்பட்டன. இவற்றை ஆராய்வது செய்தியாளரின் கடமை. முக்காட்டை அளப்பது அவர் கடமையன்று. மேலைநாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2022 நவம்பரில் நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டனும் ஃபின்லாந்துப் பிரதமர் சன்னா மரினும் சந்தித்தபோது, ஒத்த வயதினர் என்பதற்காகவா சந்திக்கிறீர்கள் என ஒரு செய்தியாளர் வினவினார். ஒபாமாவிடம் எவரேனும் இவ்வாறு கேட்டதுண்டா என ஆர்டன் திருப்பிக் கேட்டார்.

திருக்குர்ஆன் ‘அந்நம்ல்’ அத்தியாயத்தில் ஸபா நாட்டு அரசியைச் சித்திரிக்கும் முறையை இங்கு எண்ணிப்பார்க்க வேண்டும். அவருடைய பெயரோ அழகோ அங்குக் கூறப்படவில்லை. ஸுலைமான் (அலை) அவர்களின் மடல் கிடைத்ததும் அவர் பிரதானிகளிடம் ஆலோசனை கேட்டதும், படையெடுப்பின் அழிவை முன்னுணர்ந்ததும், அன்பளிப்பு அனுப்பி மறுதரப்பைச் சோதித்ததும் விரிவாகக் கூறப்படுகின்றன. பின்வந்த கதைசொல்லிகளோ அவருடைய கால்களில் ரோமம் இருந்ததா என்பதில் ஈடுபட்டனர். அத்தகைய கதைகள் வேதக்காரர்களிடமிருந்து வந்தவை என இப்னு கஸீர் தம் விரிவுரையில் ஒதுக்கினார்.

பெண் ஆட்சித் தலைமை ஏற்கலாமா என்னும் ஃபிக்ஹு விவாதம் வேறு. கூடாது என்போருக்கும், ஒரு பெண்ணின் மானத்தின் மீது சான்றில்லாப் பழி சுமத்த அனுமதி இல்லை. ஹதீஸ் பயிலும் நம் மாணவர், அறிவிப்பாளர் வரிசையை ஆராயாமல் ஒரு சொல்லையும் ஏற்பதில்லை. அதே அளவுகோலை ரஸியாவின் கதைக்கு இட்டால், உடனிருந்தவர் சொல்லாததை நூறாண்டுக்குப் பின் வந்தவர் யாரிடம் கேட்டார் என்னும் வினா எழுகிறது. காலையில் கையிலெடுக்கும் நாளிதழிடமும் மாலையில் காணும் தொலைக்காட்சியிடமும் இதே வினாவை எழுப்ப நம் பிள்ளைகளைப் பழக்குவோமாக.