யாருடைய கடிகாரம் சரி?

எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கிய கடிகாரத்துக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் சாவி கொடுப்பது என் தந்தையின் பொறுப்பு. சாவி கொடுத்ததும் உடனே நேரத்தைத் திருத்திவிட மாட்டார். நாற்காலி மீது ஏறி நின்றபடியே, வானொலியில் செய்தி தொடங்குவதற்கு முன் வரும் ஒலிக்குறிப்புக்காகக் காத்திருப்பார். கடைசி ஒலி கேட்ட நொடியில் பெரிய முள்ளைப் பன்னிரண்டில் நிறுத்துவார். 'பக்கத்து வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து வைக்கக் கூடாது. அது எதைப் பார்த்து வைத்ததோ' என்பார்.

ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகருக்கு அருகே வசிக்கும் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, புதிதாக வாங்கிய சுவர்க் கடிகாரத்தை மாட்டித் தரும் வேலை எனக்கு வந்தது. மின்கலத்தைப் பொருத்தியவுடன், நான் தொடாமலேயே முட்கள் விறுவிறுவென்று சுழன்று பன்னிரண்டில் வந்து நின்றன. சில நிமிடங்கள் எந்த அசைவும் இல்லை. பழுதான கடிகாரமோ என்று எண்ணிக் கையில் எடுக்கப் போனபோது, முட்கள் மறுபடியும் சுழன்று சரியான நேரத்தில் நின்று, அங்கிருந்து ஓடத் தொடங்கின. என் தந்தை நாற்காலி மீது நின்று செய்த வேலையை அந்தக் கடிகாரம் தானே செய்து முடித்துவிட்டது.

இதற்கு வானொலிக் கடிகாரம் என்று பெயர். ஃபிராங்க்ஃபர்ட்டுக்குத் தென்கிழக்கே மைன்ஃபிளிங்கன் என்ற ஊரில் ஓர் ஒலிபரப்பு நிலையம் இருக்கிறது. 1959 முதல் 77.5 கிலோஹெர்ட்ஸ் நீண்ட அலையில் இயங்கிவரும் அந்த நிலையம், 1973 முதல் மணியையும் தேதியையும் குறியீடாக அனுப்பி வருகிறது. அணுக் கடிகாரங்களைக் கொண்டு அந்நாட்டின் சட்டபூர்வ நேரத்தைக் காக்கும் தேசிய அளவியல் நிறுவனத்தின் பொறுப்பில் அந்த ஒலிபரப்பு நடைபெறுகிறது.

குறியீட்டின் அமைப்பு மிகவும் எளிமையானது. ஒவ்வொரு நொடியின் தொடக்கத்திலும் அலையின் வலிமை சட்டென்று குறைகிறது. அந்தக் குறைவு நொடியில் பத்தில் ஒரு பங்கு நீடித்தால் அது பூஜ்யம். பத்தில் இரு பங்கு நீடித்தால் அது ஒன்று. இந்தப் பூஜ்யங்களையும் ஒன்றுகளையும் கோத்தால், மணி, நிமிடம், கிழமை, தேதி, மாதம், ஆண்டு ஆகிய அனைத்தும் ஒரே நிமிடத்துக்குள் கிடைத்துவிடும். நிமிடத்தின் இறுதியில் ஒரு நொடிக்கு மட்டும் குறைவு ஏற்படாது. அந்த இடைவெளியே அடுத்த நிமிடம் பிறக்கப் போவதன் அறிவிப்பு.

கடிகாரம் நாள் முழுவதும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. பகலில் அது நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தைக் கொண்டு ஓடும் சாதாரணக் கடிகாரம்தான். அத்தகைய கடிகாரம் நாளொன்றுக்கு அரை நொடி வரை பிசகக்கூடும். பெரும்பாலும் பின்னிரவில், வீட்டுச் சாதனங்கள் அடங்கி, நீண்ட அலை தொலைதூரம் எட்டும் வேளையில், அது அலையைப் பெற்று அந்தப் பிசகைத் திருத்திக்கொள்கிறது.

பொருத்துவதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. புதிய 1.5 வோல்ட் மின்கலத்தையே போட வேண்டும். மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தும் வகையில் மின்னழுத்தம் குறைவு. முட்கள் பன்னிரண்டில் நிற்கும்போது பொறுமை இழந்து பொத்தான்களை அழுத்தக் கூடாது. தொலைக்காட்சி, கணினி, மின்விளக்கின் மின்மாற்றி ஆகியவற்றிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, கூடுமானவரை ஜன்னலை ஒட்டி மாட்ட வேண்டும். இரும்புக் கம்பிகள் நிறைந்த கான்கிரீட் சுவர் அலையைத் தடுக்கும். பழைய டிரான்சிஸ்டரில் நிலையம் தெளிவாகக் கேட்க அதைத் திருப்பித் திருப்பி வைப்போமே, அதைப்போல இதையும் சற்றுத் திசை மாற்றிப் பார்க்கலாம். அப்படியும் அலை கிடைக்கவில்லை என்றால் ஓர் இரவு முழுவதும் ஜன்னலோரம் விட்டுவைப்பதே நல்ல வழி.

மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று அந்நாட்டில் நேரம் ஒரு மணி முன்னே நகர்த்தப்படுகிறது. அக்டோபரின் கடைசி ஞாயிறன்று பழைய நிலைக்குத் திரும்புகிறது. அந்த மாற்றமும் அலை வழியாகவே வந்து சேர்வதால், காலையில் எழுந்து வீட்டுக் கடிகாரத்தை யாரும் தொட வேண்டியதில்லை. இந்தச் சேவைக்குக் கட்டணமோ, பதிவோ, கடவுச்சொல்லோ கிடையாது. யார் கேட்கிறார்கள் என்பதும் நிலையத்துக்குத் தெரியாது.

ஆசைப்பட்டு அதே போன்ற கடிகாரம் ஒன்றை ஊருக்கு வாங்கி வந்தேன். மின்கலத்தைப் போட்டதும் முட்கள் பன்னிரண்டுக்குச் சென்று காத்திருந்தன, காத்திருந்தன, பிறகு பன்னிரண்டிலிருந்தே ஓடத் தொடங்கிவிட்டன. அந்த நிலையத்தின் அலை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வரைதான் எட்டும். தமிழகமோ 7,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், சீனா ஆகிய நாடுகளிலும் இத்தகைய நிலையங்கள் உள்ளன. ஆனால், அலைவரிசையும் குறியீடும் நாட்டுக்கு நாடு வேறுபடும். வெளிநாட்டிலிருந்து இத்தகைய கடிகாரத்தைப் பரிசாக வாங்கி வருவோர் இதை அறிந்திருப்பது நல்லது. பின்புறப் பொத்தானை அழுத்திப் பிடித்து, கையால் நேரம் வைத்துக்கொள்ளலாம். அதன்பின் அது பத்தோடு பதினொன்றாக ஒரு சுவர்க் கடிகாரம், அவ்வளவே. நம் ஊரில் அந்த வசதி வேண்டுமானால், இணைய இணைப்பின் வழியே நேரம் பெறும் கடிகாரத்தைத்தான் நாட வேண்டும்.

சில நொடிகள் பிசகினால் என்ன, வீட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைத்துப் பழகியவர்கள்தானே நாம் என்று கேட்கலாம். வீட்டுக்குள் அது நம் விருப்பம். பொது இடத்தில் அப்படி இருந்துவிட முடியாது.

என் தம்பி மகள் ஒரு நுழைவுத் தேர்வு எழுதினாள். கைப்பேசியையும் கைக்கடிகாரத்தையும் வெளியிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. அறைச் சுவரில் இருந்த கடிகாரம் மட்டுமே அவளுக்குத் துணை. அந்தக் கடிகாரம் ஐந்து நிமிடம் பின்தங்கி ஓடியது. விடைத்தாளைத் திரும்பப் பெறும் மணி ஒலித்தபோது, அவள் கணக்கில் இன்னும் ஐந்து நிமிடங்களும் ஆறு கேள்விகளும் பாக்கி இருந்தன. கண்காணிப்பாளர் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அவள் சுவரைக் காட்டினாள். இருவரிடமும் தவறில்லை. ஆனால், இழப்பு அவளுக்கு மட்டுமே.

தேர்வு மையத்தின் வாயிற்கதவு, ஒப்பந்தப்புள்ளிப் பெட்டி, வேட்புமனு தாக்கல், மருத்துவமனையில் குறிக்கப்படும் பிறப்பு நேரம் என எத்தனையோ இடங்களில் ஒரு கடிகாரம் ஒருவரின் உரிமையைத் தீர்மானிக்கிறது. அந்தக் கடிகாரத்தைத் திருத்தியவர் யார், எதைப் பார்த்துத் திருத்தினார் என்று நாம் கேட்பதே இல்லை.

நேரத்தைப் பொதுவில் வழங்கும் மரபு நமக்குப் புதிதன்று. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வகம் கணித்த சென்னை நேரத்தைப் பின்பற்றி இந்திய ரயில்கள் ஓடிய காலம் உண்டு. 1906-இல் இந்திய நிலையான நேரம் நடைமுறைக்கு வந்தபோது, அதைவிடச் சென்னை நேரம் ஏறத்தாழ 9 நிமிடம் பின்தங்கி இருந்தது. இன்று நாட்டின் நேரத்தைத் தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு காத்து, இணையம் வழியாகவும் வழங்குகிறது. அந்த நேரத்தை ஆமதாபாத், பெங்களூரு, புவனேசுவரம், ஃபரீதாபாத், குவாஹாட்டி ஆகிய ஐந்து நகரங்களில் உள்ள ஆய்வகங்கள் வழியே பரப்பும் திட்டமும் உள்ளது. சட்டம், நிர்வாகம், வணிகம் ஆகிய துறைகளில் இந்திய நிலையான நேரத்தையே பின்பற்றச் செய்யும் வரைவு விதிகளை 2025 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்டது.

அந்த நேரம் ஆய்வகத்திலிருந்து வங்கிக்கும் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் செல்வதோடு நின்றுவிடக் கூடாது. தேர்வு அறை, நீதிமன்றம், அரசு மருத்துவமனை, வட்டாட்சியர் அலுவலகம், பேருந்து நிலையம் ஆகியவற்றின் சுவர் வரை அது வந்து சேர வேண்டும். அங்குள்ள கடிகாரங்கள் தேசிய நேரத்துடன் தாமாகவே இணைந்து திருத்திக்கொள்வனவாக இருக்க வேண்டும். அது உடனடியாக இயலாத இடங்களில், தேர்வு தொடங்கும் முன் கண்காணிப்பாளர் தேசிய நேரத்தைப் பார்த்துச் சுவர்க் கடிகாரத்தைச் சரிசெய்து, அதைக் குறிப்பேட்டில் பதிவு செய்ய வேண்டும் என்று விதி செய்யலாம். இதற்கு ஒரு நாற்காலியும் இரண்டு நிமிடங்களும் போதும். என் தந்தை ஞாயிறுதோறும் செய்தது அதைத்தான்.